தடுப்பூசியால் நொந்த தோளுக்கு நட்டஈடு

கொள்ளை நோய்கள் ஊர்களைச் சூறையாடிய காலம் ஒன்று இருந்தது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, மாரியம்மனை வேண்டி நின்றனர் நம் முன்னோர். 1886ஆம் ஆண்டில் இலங்கையில் அம்மைத் தடுப்பூசிச் சட்டம் பிறந்தது. 1980இல் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இளம்பிள்ளைவாதமும் 1993க்குப் பின் இந்நாட்டில் எவரையும் முடமாக்கவில்லை. இவை தடுப்பூசி தந்த பேறுகள். ஆயினும், ஊர் நலங்கருதிக் கை நீட்டியவருள் ஒருவருக்குத் தீங்கு நேருமாயின், அதனை ஈடுசெய்வது யார் கடமை?

தோளில் நேர்வது யாது?

ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் நோவது இயல்பு. அதனை எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், அரிதாகச் சிலருக்கு அந்நோவு தணியாமல், கையை உயர்த்தவும் இயலாத நிலை மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரற்கிடை கீழே, திரண்ட தசையிற் போட வேண்டிய ஊசியை மிக மேலே போட்டுவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். மூட்டின் அருகே உராய்வைத் தடுக்கும் மெல்லிய பை ஒன்று உண்டு. மருந்து அங்கே சென்று சேர்ந்தால் அழற்சி உண்டாகின்றது. குற்றம் மருந்திலன்று, ஊசி சென்ற இடத்திலேயே உள்ளது.

மேசையில் இருந்து எழுதுபவர்க்கு இது ஒரு தொல்லை. மாத்தளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளிக்கோ இது பிழைப்பையே பறிப்பது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், இறப்பர் மரத்திற் பால் வெட்டுபவருக்கும், ஏணியில் நின்று மிளகு பறிப்பவருக்கும் தோளே முதல். தோள் சாய்ந்தால் அன்றாட வேதனம் சாயும். வேதனம் சாய்ந்தால் பிள்ளையின் படிப்பும் சாயும்.

அமெரிக்கா கண்ட வழி

அமெரிக்காவில் 1980களில் தடுப்பூசி வழக்குகள் பெருகி, மருந்து உற்பத்தியாளர் சிலர் தொழிலையே கைவிட்டனர். ஆகவே 1986இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1988இல் நட்டஈட்டுத் திட்டம் தொடங்கிற்று. தடுப்பூசி ஒவ்வொன்றிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சதம் வரியாக நிதியத்திற் சேர்கின்றது. பாதிக்கப்பட்டவர் யாருடைய கவனக்குறைவையும் எண்பிக்க வேண்டுவதில்லை.

2017இல் தோள் ஊறும் இத்திட்டத்தின் அட்டவணையில் இடம் பெற்றது. முன்பு நோவில்லாத தோளில், ஊசி போட்ட 48 மணி நேரத்துள் நோவு தொடங்கி, கையின் அசைவும் குன்றினால், ஊசியே காரணமெனச் சட்டம் ஊகித்துக்கொள்ளும். நோவு பொதுவாக ஆறு மாதத்திற்கு மேல் நீடித்திருத்தல் வேண்டும்; மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பித்தலும் வேண்டும்.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. “பிழை ஊசி போட்டவர் கையிலன்றோ? பொது நிதியம் ஏன் கொடுக்க வேண்டும்?” என்பது எதிர்ப்பாளர் வாதம். 2021 ஜனவரியில் தோள் ஊற்றை அட்டவணையினின்றும் நீக்க ஆணை பிறந்தது. அது நடைமுறைக்கு வருமுன்னரே, ஏப்ரலில் கைவிடப்பட்டது. ஊசி போடுதல் இன்றித் தடுப்பூசி உடலிற் சேர்வதேது? அக்கருத்தே அங்கு நிலைத்தது.

நம் நாட்டின் நிலை

இலங்கையில் இத்தகைய தனி நிதியம் இல்லை. பாதிக்கப்பட்டவர் உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியே, ஊசி போட்டவரின் கவனக்குறைவையும், அதனாலேயே ஊறு விளைந்தது என்பதையும் எண்பித்தல் வேண்டும். வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். அரசுக்கு எதிரானதாயின் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் வேண்டும். ஒரு சிறுமியின் மரணம் பற்றிய பெயர்பெற்ற மருத்துவ வழக்கிலே, மாவட்ட நீதிமன்றம் ஐம்பது இலட்சம் ரூபா வழங்கிற்று. மேன்முறையீட்டில் அது இரண்டரை இலட்சமாகக் குறைந்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதனையும் தள்ளிற்று. காரணகாரியத் தொடர்பை நிறுவுவது அத்துணை அரிது. நாட்கூலி பெறுபவர் இம்மலையை ஏறுவது எங்ஙனம்?

செல்வ நாடுகளுக்கே இது இயலும் என்பாரும் உளர். நேபாளத்திலும் தடுப்பூசி நட்டஈட்டு ஏற்பாடு உண்டு என்பதை அன்னார் நினைத்தல் நன்று.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வருமுன் காத்தல். ஊசி போடுபவரும் போட்டுக்கொள்பவரும் அமர்ந்திருத்தல் வேண்டும். சட்டையின் கழுத்தைச் சற்றே விலக்கித் தோள் முனையில் குத்தவிடாது, கை முழுவதையும் வெளிப்படுத்துதல் வேண்டும். ஆறாம் வகுப்பு மாணவியருக்கு 2017 முதல் பாடசாலையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்படுவதால், பெற்றோர் அன்று தளர்ந்த கையுள்ள உடையை அணிவித்து அனுப்பலாம்.

இரண்டாவது, ஊசி போட்ட நாள், எந்தக் கை, நோவு தொடங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல். நோவு தணியாவிடின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்து, வைத்தியரையும் காணுதல் வேண்டும். பதிவில்லாத துன்பம் சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றாது.

மூன்றாவது, நிதியம் ஒன்றினை நாட்டில் வேண்டுதல். மாத்தளை முத்துமாரியம்மன் திருவிழாவில் ஐந்து தேர்களை ஊர் கூடி இழுக்கின்றோம். வடம் பிடித்தவருள் ஒருவர் காலில் சில்லு ஏறினால், ‘உன் விதி’ என்று விட்டுப் போவோமா? தடுப்பூசியும் ஊர் கூடி இழுக்கும் தேரே. அதில் அடிபட்ட தோளை ஊரே தாங்குதல் அறமாகும். அவ்வாறு தாங்கினால், நாளை வடம் பிடிக்க எவரும் தயங்கார்.