பூட்டு யாருக்கு? சாவி யாரிடம்?

தொண்டாமுத்தூரில் பஸ் ஏறி, வடவள்ளி வழியே கோவைப் பட்டறைகளுக்கு வரும் தோழர்களே! ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்றால் அது கப்பல் வணிகரின் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் கடைசல் பிடிக்கும் பம்பும் அதில் சிக்கலாம்; ஆராய்ச்சிக் கூடத்தின் கண்ணாடிக் குப்பியும் சிக்கலாம்!

பூட்டு முதலில் நம்மீது விழுந்தது. 1991ல் மாஸ்கோவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனம், கிரையோஜெனிக் எஞ்சினையும் அதைச் செய்யும் நுட்பத்தையும் நமக்குத் தர ஒப்பந்தம் செய்தது. 1992ல் அமெரிக்கா தடை போட்டது. 1993ல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சின் உண்டு, நுட்பம் இல்லை என்றது! சோர்ந்தோமா? மகேந்திரகிரியில் சோதித்தோம், 2014 ஜனவரி 5ல் நம் எஞ்சினே ராக்கெட்டை ஏற்றிச் சென்றது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் அமெரிக்கத் தடைப்பட்டியலில் ஏறியது. இறங்கியது 2025 ஜனவரியில்!

இன்று சாவி நம் கையிலும் இருக்கிறது. 2005ல் பேரழிவு ஆயுதத் தடுப்புச் சட்டம் வந்தது. 2018ல் இந்தியா ஆஸ்திரேலியா குழுவில் சேர்ந்தது. ‘ஸ்கோமெட்’ என்னும் பட்டியலில் உள்ளதை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். ஊரறிய அச்சான அறிவுக்கும் அடிப்படை ஆராய்ச்சிக்கும் விலக்கு உண்டு.

கிணற்றுப் பம்புக்குத் தடையில்லை. கடும் அமிலம் கசியாமல் இறைக்கும் தனிவகைப் பம்புக்கு உண்டு. நெற்பயிரைக் கருக்கும் குலைநோய்ப் பூஞ்சையும் ஆஸ்திரேலியா குழுவின் பட்டியலில் இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடு தேவையா? தேவைதான்! ஈரான் - ஈராக் போரில் நச்சுவாயு வீசப்பட்டது. அதற்கான சரக்கு, சாதாரண வணிகச் சரக்காகவே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கொடுமை கண்டுதான் 1985ல் ஆஸ்திரேலியா குழு பிறந்தது.

நம் கேள்வி வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் மாடியில் இருக்கிறார். பெட்டி கட்டுபவர் கீழே இருக்கிறார். மாதிரியைக் குப்பியில் அடைப்பவர் கூட உதவியாளர். வரைபடத்தை அனுப்புபவர் ஆராய்ச்சி மாணவர். பட்டியலை அவர்களுக்கு யார் காட்டினார்? தவறு நேர்ந்தால் விசாரணை யார்மீது பாயும்? மாடிப்படி ஏறுமா, வாசலிலேயே நின்றுவிடுமா?

ஆகவே கேட்கிறோம்: ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இதற்கெனப் பொறுப்பதிகாரி வேண்டும். பட்டியல் தமிழில் அச்சாகி ஆராய்ச்சிக் கூடத்திலும் பட்டறையிலும் தொங்க வேண்டும். சந்தேகம் எழுந்தால், “அனுமதி எங்கே?” என்று கேட்டுப் பெட்டியை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும், கேட்டவன் வேலை பறிபோகக் கூடாது.

பூட்டின் வலி அறிந்தவர் நாம். சாவியைப் பிடிக்கும்போது நீதியோடு பிடிப்போம்!