மாண்ட்ரியலில் பிறந்த தியானோ

மாண்ட்ரியல் சர்வகலாசாலையில், பேராசிரியர் யோஷுவா பெஞ்சியோவின் ஆராய்ச்சிக் கூடத்தில் 2007-இல் உருவாகத் தொடங்கிய தியானோ என்னும் மென்பொருள், செயற்கை நரம்புவலைக்குரிய கணக்கு முழுவதையும் முதலில் ஒரு வரைபடமாக அமைத்து, அதைச் செப்பனிட்ட பிறகே கணிக்கத் தொடங்குமாதலால், வெகு வேகமாக இயங்கிற்று. ஆயினும் பிழை எந்த வரியில் நேர்ந்ததென்று கண்டறிவது பெரும் பிரயாசையாக இருந்தது. 2017-இல் வெளிவந்த பைடார்ச் என்னும் மென்பொருளோ வரிக்கு வரி உடனே கணித்துக் காட்டிற்று. அவ்வாண்டிலேயே தியானோவின் அபிவிருத்தி நிறுத்தப்படுமென்ற அறிவிப்பும் வந்தது. இதைக்கொண்டு, வரைபடத்தை முன்கூட்டியே அமைக்கும் முறை தோற்றதென்று தீர்ப்பளிப்பது அவசரமென்றே நான் கருதுகிறேன். ஏனெனில் 2019-இல் டென்சர்ஃப்ளோ என்னும் மற்றொரு மென்பொருளின் இரண்டாம் பதிப்பு, உடனடிக் கணிப்பைச் சுவீகரித்தபோதும் வரைபடத்தைக் கைவிடவில்லை. பைடார்ச்சும் 2023-இல், வரிவரியாக எழுதிச் சோதித்த நிரலை, வேண்டும்போது ஒரே கட்டளையால் வரைபடமாகத் தொகுத்து வேகப்படுத்தும் சௌகரியத்தை அளித்தது.