அசை பிரித்தால் தெரியும் ஒழுங்கு

பிரெஞ்சு கற்பவர்களின் முதல் புகார், எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்பதுதான். பேசுதலைக் குறிக்கும் 'பார்லே' என்ற வினை நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் ஆகியவற்றுக்கு மூன்று விதமாக எழுதப்படுகிறது. நான்கிலும் காதில் விழுவது 'பார்ல்' மட்டுமே. குழப்பம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அசை பிரித்துக் கேட்டால் ஒழுங்கு புலப்படும். வாங்குதலைக் குறிக்கும் 'அஷ்தே'யின் நடுவில் மெலிந்த எகரம் ஒன்று உண்டு. பேச்சில் அது பெரும்பாலும் கரைந்துவிடும். 'வாங்குகிறேன்' என்னும்போது ஈறு உதிர்ந்து, அந்த அசையைத் தகர மெய் மூடுகிறது. மெய்யால் மூடிய அசையில் மெலிந்த எகரம் நிற்காது. அழுத்தமான எகரமாகி 'ழஷெத்' பிறக்கிறது. அதைத்தான் எழுத்தின் மேலுள்ள சாய்கோடு காட்டுகிறது. அழைத்தலைக் குறிக்கும் வினையிலோ இதே ஒலிமாற்றத்துக்கு மெய்யெழுத்து இரட்டிக்கிறது. ஒரு நோய்க்கு இரு மருந்து! 1990 எழுத்துச் சீர்திருத்தம், இவ்வகை வினைகளில் அழைத்தல், எறிதல் ஆகியவற்றின் குடும்பங்களைத் தவிர மற்றவற்றுக்குச் சாய்கோட்டையே பரிந்துரைத்தது.

அப்படியானால் ஒலிக்காத ஈறுகளை வெட்டிவிடலாமே என்று கேட்கலாம். வெட்டினால் பன்மையே தடுமாறும். 'அவன் தூங்குகிறான்' என்பதில் வினை 'தோர்'; இறுதித் தகரம் ஊமை. 'அவர்கள் தூங்குகிறார்கள்' என்பதில் 'தோர்ம்'. பன்மை ஈறு தான் ஒலிக்காவிட்டாலும், முன்னிருக்கும் மகரத்தை ஒலிக்க வைக்கிறது. 'பார்ல்' போன்றவற்றில் இந்த உதவி இல்லை என்பது உண்மைதான். அங்கே பெயரும் சூழலும் கைகொடுக்கின்றன. தென்பிரான்சிலோ பலர் ஈற்றிலுள்ள மெலிந்த எகரத்தை இன்றும் உச்சரித்து, 'பார்ல்' என்பதை இரண்டு அசையாக்குகிறார்கள்.