யூரியா எத்தனை மூட்டை? போடுமுன் சரிபாருங்கள்

ஏக்கருக்கு டி.ஏ.பி. ஒரு மூட்டை, யூரியா இரண்டேகால் மூட்டை என்று நெல்லுக்குப் போட்டுப் பழகிய விவசாயிகள் பலர். அந்தக் கணக்கு யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்த காலத்தது. 2018 மார்ச் முதல் மூட்டை 45 கிலோதான். பயிர் வெளுக்கப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் முதலில் மூட்டையின் எடையைப் பாருங்கள்.

மத்திய கால, நீண்ட கால நெல் இரகங்களுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழைச்சத்து 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. (மண் பரிசோதனை செய்தவர்கள் அதில் கண்ட அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.) டி.ஏ.பி.யில் தழைச்சத்து நூற்றுக்கு 18 என்பதால் 50 கிலோ மூட்டையில் 9 கிலோ கிடைக்கும். யூரியாவில் நூற்றுக்கு 46. எனவே 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ.

ஆகவே மூட்டை எண்ணிக்கையை 20.7ஆல் பெருக்கி 9ஐக் கூட்டினால் 60க்குக் குறையக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் இதை அசமன்பாடு என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, நினைத்த எண்ணை அதில் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை.

2 போட்டால் 50.4; தேறவில்லை. பழைய இரண்டேகாலும் 55.6தான்; ஏக்கருக்கு நாலரைக் கிலோ அளவுக்குத் துண்டு விழுகிறது. இரண்டரை போட்டால் 60.75, தேறியது. சரியாக 60 வந்திருந்தாலும் தேறியதாகவே கொள்ள வேண்டும், 'குறையக் கூடாது' என்றுதானே சொன்னோம்!

3 மூட்டையும் இந்தச் சோதனையில் தேறும், 71.1 வரும். ஆனால் தழைச்சத்து மிஞ்சினால் குலை நோயும் புகையானும் கூடும், பயிர் சாயும். அதனால் 65க்கு மேல் போகக் கூடாது என்று நாமே ஒரு வரம்பு வைத்துப் பார்த்தால் 3 நிற்காது, இரண்டரை நிற்கும்.

கந்தகம் பூசிய யூரியா வாங்குவோர் இதே எண்ணைப் போடக் கூடாது. அது 40 கிலோ மூட்டை. தழைச்சத்து நூற்றுக்கு 37, ஆக மூட்டைக்கு 14.8 கிலோ. இரண்டரைக்கு 46தான் வரும். மூன்றரை போட்டால் 60.8.

சாதா யூரியா இரண்டரை மூட்டையை ஒரே தடவையில் கொட்டிவிட வேண்டாம். டி.ஏ.பி.யுடன் அடியுரமாக 13 கிலோ, பிறகு தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் தலா 33 கிலோ இடலாம்.