மனம் அலையட்டும், பின்னால் ஓடாதீர்கள்

ஒரு செங்கல்லை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்? சுவர் எழுப்பலாம், அடுப்புக் கூட்டலாம் என்பதோடு பலர் நின்றுவிடுவார்கள். கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம், பொடித்துப் பித்தளைப் பாத்திரம் துலக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்ட் வகுத்த இந்தச் சோதனை அளப்பது விரிசிந்தனையை. குவிசிந்தனை இதற்கு நேரெதிர். தேங்காய், பசு, தாய் மூன்றுக்கும் பொதுவானது எது? பால். ஒரே விடைதான், அதைச் சட்டென்று பிடிக்க வேண்டும்.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் லொரென்சா கோல்சாட்டோ குழுவினர், தியானப் பழக்கமுள்ள 19 பேரிடம் இவ்விரண்டையும் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால், தியானம் எல்லாம் ஒன்றல்ல என்று அது காட்டியது. கவனத்தை மூச்சில் கட்டிப்போடுவது ஒரு வகை. இன்னொரு வகையில் கவனத்துக்குக் கட்டே கிடையாது. அடுக்களையில் குக்கர் விசிலடிக்கிறது. முழங்கால் கடுக்கிறது. நாளைக்குக் கட்ட வேண்டிய தவணை நினைவுக்கு வருகிறது. வந்ததைக் கவனித்து, அதன் பின்னால் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டாம் வகைக்குப் பிறகுதான் விரிசிந்தனை கூடியது. முதல் வகை குவிசிந்தனையைக் கூர்மையாக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தெளிவான பலன் தெரியவில்லை. ஆனால் எப்படி உட்கார்ந்தாலும் மனநிலை மேம்பட்டிருந்தது. அந்த மகிழ்ச்சியே குவிசிந்தனைக்குக் குறுக்கே நின்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்!

மகிழ்ச்சி பற்றி வேறொரு கணக்கும் உண்டு. ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் ஐபோன் வழியே திடீர் திடீரென்று கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? 2010இல் வெளியான விடை: ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது, அலையும்போது மகிழ்ச்சியும் குறைந்திருந்தது. இனிமையான நினைப்பில் மிதந்தவர்கள்கூட, கையிலிருந்த வேலையில் மனம் வைத்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை.

அப்படியானால் அலைச்சலை அடக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். பெஞ்சமின் பேர்டும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், செங்கல் கேள்வி போன்ற ஒன்றுக்கு விடை தேடுவதை நடுவில் நிறுத்திவிட்டு மூளைக்கு வேலை வைக்காத ஒன்றைச் செய்தவர்களின் மனம் நன்றாக அலைந்தது. திரும்பி வந்து அதே கேள்விக்குக் கூடுதலாகப் புதிய விடைகளைச் சொன்னவர்களும் அவர்களே. வாட்டுவதும் வரம் தருவதும் ஒரே அலைச்சல்!

மனம் அலையும்போது மூளையில் சில பகுதிகள் கூடிச் சுறுசுறுப்பாகின்றன. நெடுநாள் தியானம் செய்தவர்களிடம் அவற்றில் முக்கியமானவை அடங்கியிருந்ததை 2011இல் ஜட்சன் புரூவர் குழு கண்டது. யோசனையும் சேர்ந்து வற்றிவிடாதா என்ற பயம் எனக்கும் இருந்தது. என் கணிப்பு இது: அந்த இரண்டாம் வகைத் தியானம் எண்ணங்களை வரவிடுகிறது, வந்ததையே மென்றுகொண்டிருப்பதைத்தான் நிறுத்துகிறது. நம்மை வாட்டுவது பெரும்பாலும் அந்த மெல்லல்தான்.

அப்படி உட்கார்ந்திருக்கையில் அருமையான யோசனை ஒன்று வந்தால், எழுந்து குறித்துக்கொள்ளலாமா? கற்றுத்தருகிறவர்கள் கூடாது என்பார்கள். எழுதிப் பிழைக்கிறவன் நான். குறித்துக்கொண்டுவிட்டுத்தான் மறுபடி உட்காருவேன்.