திராட்சை விதை கேப்சூல்: பல்லில் பிடிக்கிறது, ரத்தத்தில்?

பன்னீர் திராட்சை விதையைத் துப்பாமல் ஒருமுறை நன்றாகக் கடித்துப் பாருங்கள். நாக்கு வறண்டு சுருங்கும். அந்தத் துவர்ப்பைத்தான் பிரித்தெடுத்து, பழுப்புத் தூளாக்கி, கேப்சூலில் அடைத்து, இதயத்துக்கு நல்லது, இளமைக்கு நல்லது என்று விற்கிறார்கள். சரக்குக்குக் குறைவில்லை. ஒயின் ஆலையில் பிழிந்துபோட்ட சக்கையில் விதை மலைபோல் மிஞ்சுகிறது. பழத்திலுள்ள பாலிஃபீனால்களில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் அந்த விதையில்தான் இருக்கிறது. (சமையலுக்கு விற்கும் திராட்சை விதை எண்ணெய் வேறு. இந்தச் சத்து எண்ணெயோடு வராது.)

துவர்ப்புக்குக் காரணம் புரோஆந்தோசயனிடின்கள். தேயிலையில் உள்ள கேட்டகின் வகை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டவை இவை. புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்வது இவற்றின் குணம். எச்சிலில் உள்ள வழவழப்பான புரதத்தைப் பிடித்துவிடுவதால்தான் வாய் வறள்கிறது. ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலைப் போட்டுப் பதனிடுகிறார்களே, அங்கும் இதே சேர்மக் குடும்பம்தான் தோலின் கொலாஜனை இறுக்கி அழுகாமல் காக்கிறது.

இவற்றை மருந்தாக்கலாம் என்று பிரான்ஸின் போர்தோவில் 1940களில் ஆராயத் தொடங்கியவர் ழாக் மாஸ்கலியே. முதலில் அவர் கையில் எடுத்தது திராட்சையை அல்ல, வேர்க்கடலையின் சிவப்புத் தோலை. பைன் மரப்பட்டைக்கும் திராட்சை விதைக்கும் பிறகுதான் வந்தார். இந்த வரலாற்றுக்கு ஒரு விஷமமான பின்குறிப்பு உண்டு. அமெரிக்காவில் 2015-இல் வெளியான ஆய்வொன்றில் திராட்சை விதைச் சத்து என்று விற்கப்பட்ட 21 பொருட்களைச் சோதித்தார்கள். ஆறில் திராட்சை விதையின் சுவடே இல்லை. இருந்தது பெரும்பாலும் வேர்க்கடலைத் தோல். இரண்டிலும் மூலக்கூறுகள் கோத்திருக்கும் விதம் வேறு என்பதால் பிடிபட்டது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு இது விளையாட்டல்ல.

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஆராய்ச்சி நடப்பது பல்லில். சொத்தையைச் சுரண்டி அடைக்கும்போது மருத்துவர் அமிலம் தடவுவார். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் தாது கரைந்து, கொலாஜன் இழைகள் வெளியே தெரியும். அடைப்புப் பசை அந்த இழைகளுக்குள் புகுந்துதான் பிடிக்கிறது. ஆண்டுகள் போகப்போக நீரும் நொதிகளும் இழைகளை அரிக்க, அடைப்பு ஆட்டம் காண்கிறது. திராட்சை விதைக் கரைசலைத் தடவினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து விறைப்பாகின்றன. நொதிகளாலும் எளிதில் அரிக்க முடிவதில்லை. சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆனா பெட்ரன்-ருஸ்ஸோவின் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. ஆனால் தடைகள் இரண்டு. கரைசல் பல்லைப் பழுப்பாக்குகிறது. தொடக்கச் சோதனைகளில் டென்டினை நெடுநேரம் ஊறவைத்தார்கள்; நாற்காலியில் வாயைத் திறந்து காத்திருக்கும் நோயாளியிடம் அது நடக்காது. பெரும்பாலான முடிவுகள் இன்னும் ஆய்வகப் பற்களில்தான்.

கேப்சூலாக விழுங்கினால் கதை மாறுகிறது. நீண்ட சங்கிலிகள் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் உடைத்துத் தரும் துண்டுகளே ரத்தத்துக்குப் போகின்றன. ஆகவே முடிவுகளும் ஒரே சீராக இல்லை. 2011-இல் 9 ஆய்வுகளை, மொத்தம் 390 பேரை, சேர்த்துக் கணக்கிட்டபோது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சுமார் 1.5 புள்ளிதான் குறைந்திருந்தது, கொலஸ்ட்ராலில் மாற்றமில்லை. 2016-இல் 16 ஆய்வுகள், 810 பேர் என்று கணக்கு விரிந்தபோது குறைவு 6 புள்ளியானது. இளையவர்களிடமும் உடல்பருமன் உள்ளவர்களிடமும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. இதை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்துவது மடத்தனம். கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் மார்பகத் திசு கெட்டிப்படுவதைக் குறைக்குமா என்று பிரிட்டனில் 66 பெண்களிடம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

‘இளமை’ விளம்பரத்துக்கு வலுச்சேர்த்தது 2021-இல் ‘நேச்சர் மெட்டபாலிசம்’ இதழில் வந்த கட்டுரை. திராட்சை விதையிலிருந்து பிரித்த புரோசயனிடின் சி1 என்ற ஒரே சேர்மம், வயதான சுண்டெலிகளில் செயலிழந்தும் சாகாமல் தேங்கிக் கிடக்கும் செல்களை அழித்து, ஆயுளைக் கூட்டியது. ஆய்வு அருமையானது, ஆனால் சுத்திகரித்த ஒற்றைச் சேர்மத்தின் பலனைக் கலவைத் தூள் அடைத்த கேப்சூலின் கணக்கில் எழுதுவது வியாபாரம்.

சில மாதங்கள் சாப்பிட்டவர்களுக்குப் பெரிய கேடு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். இந்தச் சங்கிலிகள் புரதத்தைப் போலவே இரும்பையும் பிடித்துக்கொள்ளும். அது உடலில் சேர்வது குறையும்.