துடுப்புக்காரர் கோயிலும் தெரு அன்பியமும்

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத நாளில் கப்பல்கள் கரைக்கு வராது. தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணியே இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும். துடுப்புப் போடுபவர்களில் ஒருவர் தாளம் தப்பினாலும் அத்தனை பேருக்கும் ஆபத்து. அந்தப் படகுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியதுதான் ராயபுரம் புனித இராயப்பர் கோயில். ஊர்ப்பெயரே அவரால் வந்தது என்பார்கள்.

அவர்களுக்கு அன்பைத் தனியாகப் போதிக்க வேண்டியிருக்கவில்லை. கடலில் ஒன்றாகப் போனவர்கள் பூசையிலும் ஒன்றாக முழந்தாளிட்டார்கள். ஒரே தொழில், ஒரே சாதி, கொள்வினை கொடுப்பினையும் அதற்குள்ளேயே. பழைய காலத்தை மெச்சுகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள். நகரத்துக் கத்தோலிக்கரே 1952 வரை சென்னை, மயிலாப்பூர் என இரண்டு ஆயர்களின் கீழ்ப் பிரிந்துதான் இருந்தார்கள்.

துறைமுகம் வந்தது, மசூலா போனது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் எழுந்தன. அசோக் லேலண்டுக்கும் என்ஃபீல்டுக்கும் வேலைக்கு வந்தவர்கள் பல மாவட்டத்தார், பல சாதியார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்தில் நிற்பவர் பெயர் தெரியாத பங்குகள் உருவாயின. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு பூசை தமிழுக்கு வந்தது; பின்னாளில் தெருத்தெருவாக அன்பியங்கள் வந்தன.

அன்பியம் என்றால் முப்பது நாற்பது குடும்பங்கள், ஒரு புனிதரின் பெயர், முறை வைத்து ஒரு வீடு. அண்டை வீட்டில் நாற்காலி கடன் வாங்கி, மெழுகுவத்தி ஏற்றி, விவிலியத்தில் ஒரு பகுதி வாசிப்பார்கள். பிறகு மன்றாட்டு: ஒருவருக்கு டயாலிசிஸ், ஒருவர் மகனுக்குக் கான்ட்ராக்ட் வேலை போய்விட்டது. கடைசியில் டீ. வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்களுக்கு ஷிப்ட், அல்லது ஷிப்ட் என்ற சாக்கு. மன்றாட்டில் சொன்ன குடும்பச் சங்கதி மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில் கேட்டால் அதைச் சொன்ன பெண் மறுபடி வாய் திறக்க மாட்டாள். ஒற்றை அறை வாடகை வீட்டுக்காரர் தம் முறையைத் தட்டிக்கழிக்கிறார் என்றால், அங்கே வெட்கம் வேலை செய்கிறது என்று பொறுப்பாளருக்குப் புரிய வேண்டும். தெருவையே சாதி பிரித்திருக்கும் இடத்தில் தெருவை வைத்து அன்பியம் பிரித்தால், பழைய வேலி புதுப் பெயரில் நிற்கும். இரண்டு தெருவைக் கலந்து பிரிக்கும் பங்குத்தந்தைக்கு முணுமுணுப்பு நிச்சயம். ஆனாலும் அவர் செய்வதே சரி.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, கண் எரிந்து ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் முதலில் தெரிய வேண்டியது, எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, எங்கே கைக்குழந்தை என்பதுதான். வீடு வீடாகப் போய்வரும் அன்பியப் பொறுப்பாளருக்கு அது அத்துப்படி. ஆனால் அவர் நோட்டில் பக்கத்து வீட்டு முஸ்லிம் பாட்டியும் எதிர்வீட்டு இந்துக் குடும்பமும் இருக்க மாட்டார்கள். அவர்களையும் எழுதிக்கொள்ள யார் அனுமதியும் வேண்டியதில்லை.